படத்தைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டிலுள்ள ஓவியச் சேகரிப்பை ஏலத்தில் விற்க முழுமையான வழிகாட்டி

நண்பர் ஒருவரின் அப்பா வங்கி அதிகாரி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில சமயம் தவணை சொல்லி, முப்பது வருடம் படம் வாங்கியவர். அவர் காலமாகி ஆறு மாதம் கழித்து நண்பர் கூப்பிட்டார். “எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன், வந்து பாருங்க சார்.” போனேன். கண்ணாடிகள் பளபளத்தன. ஃபிரேம்களின் பின்பக்கம் ஒட்டியிருந்த அழுக்குக் காக்கித் தாளைக் கிழித்துவிட்டுப் புது அட்டை அடித்திருந்தார். “பழைய தாளெல்லாம் எங்கே?” என்றேன். “பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சே.”

எந்தப் படம், யாரிடம், எந்த வருடம், எத்தனை ரூபாய் என்று அப்பா பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தது அந்தக் காக்கித் தாளில்தான்.

சுவரில் மாட்டுகிற நாம் படத்தின் முகத்தைப் பார்க்கிறோம். ஏல நிறுவனத்திலிருந்து வருகிறவர் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். இந்த வழிகாட்டியில் வரும் பாதி வேலை அந்த முதுகைச் சுற்றித்தான்.

படி 1: துடைக்காதீர்கள், ஒட்டாதீர்கள், ஃபிரேம் மாற்றாதீர்கள்

ஈரத் துணி கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் படத்தின் மேல் நேராக அடிக்கவே கூடாது; அது ஃபிரேமின் ஓரம் வழியாக உள்ளே இறங்கிக் காகிதத்தில் கறையாக நிற்கும். கிழிசலுக்கு செல்லோடேப் போடுவது அதைவிட மோசம். டேப் உதிர்ந்துவிடும், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும். பழுது பார்க்க வேண்டுமா என்பதை மதிப்பீட்டுக்குப் பிறகு முடிவு செய்யலாம். அழுக்கோடு இருக்கும் படத்தை வாங்க ஆள் உண்டு. அரைகுறையாகக் கழுவிய படத்தைத் தொட மாட்டார்கள்.

சுவரிலிருந்து இறக்கி, தரையிலிருந்து அரையடி உயரத்தில், நிற்கிற வாக்கில் வையுங்கள். சென்னை ஈரப்பதத்துக்குப் பரணும் ஆகாது, கட்டிலுக்கு அடியும் ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு இரண்டுமே விருந்து.

படி 2: எது ஓவியம், எது எட்சிங், எது வெறும் அச்சுப்படம்

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன, இரண்டு பக்கமும். பூஜையறையில் தொங்கும் ரவிவர்மா லட்சுமியை அசல் என்று நம்பிக் கோடிக் கணக்குப் போடுவார்கள். அது பெரும்பாலும் ஓலியோகிராஃப்; 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாறிய ரவிவர்மா அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சான கல்லச்சுப் படங்களில் ஒன்று. அதற்கும் விலை உண்டு, ஆனால் எண்ணெய் ஓவியத்தின் விலை இல்லை. மறுபக்கம், கூடத்து மூலையில் கறுப்பு வெள்ளையாக ஒரு சின்னப் படம் இருக்கும். “அது ஏதோ பிரின்ட்” என்று கழித்துக் கட்டிவிடுவார்கள். அது எட்சிங்காக இருக்கலாம்.

எட்சிங் என்றால் என்ன? செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் இறக்கினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையை ஏற்றி, மேல்மையைத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய தடித்த காகிதத்தை மேலே வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். ஓவியரோ அவர் கண் முன்னால் இன்னொருவரோ கையால் எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் அசல்தான்.

கண்டுபிடிக்க ஐம்பது ரூபாய் பூதக்கண்ணாடி போதும். கோடுகளை உற்றுப் பாருங்கள். புத்தக அச்சு என்றால், பத்திரிகைப் படத்தில் இருப்பதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். எட்சிங்கில் புள்ளி வலை இருக்காது. கோடு கோடாகவே இருக்கும், மை காகிதத்தின் மேல் மயிரிழை அளவு புடைத்து நிற்கும். அடுத்து, படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய செவ்வகப் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். சாய்வாக டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். கடைசியாக, படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரம். இடப்பக்கம் பென்சிலில் 7/25 என்பதுபோல் ஓர் எண், வலப்பக்கம் கையெழுத்து. இருபத்தைந்து பிரதிகளில் இது ஏழாவது என்று அர்த்தம். எண்ணுக்குப் பதில் ஏ.பி. அல்லது ஈ.ஏ. என்று இருந்தால், ஓவியர் தனக்கென்று எடுத்து வைத்த பிரதி. எண் சின்னதாக இருந்தால் விலை கூடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். விலையைத் தீர்மானிப்பது காகிதத்தின் நிலை. அந்த வெள்ளை ஓரத்தை ஃபிரேம் கடைக்காரர் அளவுக்காக வெட்டியிருந்தால், படம் முழுசாக இருந்தும் மதிப்பு சரிந்துவிடும்.

எட்சிங்குகளில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் கிருஷ்ண ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக்காரர். 1940-களின் இறுதியில் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டுப் பாரிஸ் போய், ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒரே அழுத்தில் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவரானவர். அவர் படமோ, சோம்நாத் ஹோர், லக்ஷ்மா கௌட் படமோ இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். நம் ஊர் ஆர்.பி. பாஸ்கரன், ஆர்.எம். பழனியப்பன் இருவரும் அச்சோவியத்தில் தேர்ந்தவர்கள்தான்.

படி 3: முதுகைப் படியுங்கள், பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து புகைப்படம்: முழு முகம், கையெழுத்து, முழு முதுகு, முதுகில் உள்ள எழுத்து அல்லது சீட்டு, சேதமான இடம். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிறகு ஒரு நோட்டில் வரிசை எண், ஓவியர், தலைப்பு, வருடம், எதில் எதனால் வரைந்தது, ஃபிரேம் இல்லாத அளவு.

முதுகில் என்னவெல்லாம் கிடைக்கும்? ஒருமுறை ஃபிரேம் கடைச் சீட்டு ஒன்று வருடத்தைச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஆறு இலக்கத் தொலைபேசி எண். சென்னை எட்டு இலக்கத்துக்கு மாறுவதற்கு வெகு முன்னால் அந்தப் படம் அந்த வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கண்காட்சிச் சீட்டு, லலித் கலா அகாடமி முத்திரை, சோழமண்டலக் கலைஞர் கிராமத்திலிருந்து வந்த கடிதம், ஓவியரோடு எடுத்த புகைப்படம், காசோலை அடிக்கட்டை எல்லாமே சொத்து. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த ஓவியர்களிடம் நேரில் போய் வாங்கிய குடும்பங்கள் இங்கே உண்டு. ரசீது இருக்காது. அப்படியானால் டைரியைத் தேடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், கைமாறிய வரலாறு தெளிவாக இருந்தால் போலி என்ற சந்தேகம் எழாது. ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் இருந்த மருத்துவர் ஒருவர் 1954-இல் வாங்கி, நார்வேக்குக் கொண்டுபோய், 1964-இல் ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்தார். இடையில் சந்தைக்கே வரவில்லை. 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. நல்ல படம் என்பது ஒரு காரணம். எழுபது வருடம் எங்கே இருந்தது என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது இன்னொன்று.

படி 4: விற்கும் உரிமை யாருக்கு

உயில் இருந்தால் நகல். இல்லையென்றால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அதோடு எல்லா வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். அமெரிக்காவில் இருக்கும் தங்கையின் கையெழுத்தும் வேண்டும். “அவளுக்கு இதில் ஆர்வமில்லை” என்பார்கள். படம் ஐந்து லட்சத்துக்குப் போனதும் ஆர்வம் வந்துவிடும்.

படி 5: சட்டம் எங்கே குறுக்கே வரும்

1972-ஆம் வருடத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். பாட்டி வீட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ணர் அந்த வயதைத் தாண்டியிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதை விற்கும் வியாபாரிக்கு உரிமமும் வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

இதோடு ஒன்பது ஓவியர்களின் படங்களை, வயது எதுவானாலும், கலைச்செல்வம் என்று அரசு அறிவித்திருக்கிறது: ராஜா ரவிவர்மா, ரவீந்திரநாத், அபனீந்திரநாத், ககனேந்திரநாத் என்று மூன்று தாகூர்கள், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக். இந்தியாவுக்குள் விற்கத் தடையில்லை, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் விலை விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஷெர்கிலின் ‘தி ஸ்டோரி டெல்லர்’ 2023-இல் டெல்லியில் சாஃப்ரன்ஆர்ட் ஏலத்தில் 61.8 கோடிக்குப் போனது. ஜாமினி ராய் என்று சொல்லி வருவதில் போலிகள் ஏராளம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 6: ஏல நிறுவனத்தை அணுகுவது

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சாஃப்ரன்ஆர்ட், புண்டோல்ஸ், ஆஸ்டாகுரு போன்ற நிறுவனங்களுக்குப் புகைப்படங்களையும் பட்டியலையும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஒரே இடத்தோடு நிற்காதீர்கள். குறைந்தது இரண்டு மதிப்பீடு வாங்குங்கள். மதிப்பீடு ஒரே எண்ணாக வராது, ‘மூன்று முதல் ஐந்து லட்சம்’ என்று கீழும் மேலும் சேர்ந்து வரும். யார் அதிகம் சொல்கிறார்களோ அவரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. உயரமாகச் சொல்லி ஆசை காட்டிவிட்டு, ஏலத்துக்கு ஒரு மாதம் முன்னால் “சந்தை கொஞ்சம் டல்” என்று இறக்குகிறவர்கள் உண்டு.

எட்சிங்கில் உங்களுக்கு ஒரு வசதி. அதே படத்தின் வேறு பிரதி முன்பே ஏலத்துக்கு வந்திருந்தால், என்ன விலைக்குப் போனது என்று நிறுவனங்களின் இணையப் பதிவுகளில் நீங்களே பார்த்துவிடலாம். ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. அது உலகத்தில் ஒன்றே ஒன்று.

ஒரே ஓவியரின் பத்துப் படங்கள் இருந்தால் பத்தையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். சந்தையில் ஒரே நாளில் பத்து லாரி தக்காளி இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஆனால் சேகரிப்பு முழுக்க ஒரு மனிதரின் ரசனையைக் காட்டினால், அவர் பெயரிலேயே தனிப் பகுதியாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில், கெமோல்டு கேலரி நடத்திய கேகூ–கோர்ஷெத் காந்தி தம்பதியின் படங்களை அப்படித்தான் முன்னிறுத்தினார்கள்.

படி 7: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

ரிசர்வ் விலை என்பது அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று நீங்கள் வைக்கும் கோடு. மதிப்பீட்டின் கீழ் எண்ணைத் தாண்டி அதை வைக்க விடமாட்டார்கள். வீம்புக்கு உயர்த்தி வைக்காதீர்கள். ஏலம் போகாமல் நின்ற படம் என்ற பெயர் இணையத்தில் வருடக்கணக்கில் நிற்கும்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். சுத்தியல் விழும் விலை 4,00,000 ரூபாய். வாங்குபவர் இதற்கு மேல் 20 சதவீதம் பிரீமியமும் வரியும் சேர்த்துக் கட்டுவார், அது நிறுவனத்துக்கு. உங்களிடம் 10 சதவீதம் கமிஷன் என்று பேசியிருந்தால் 40,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,200. உங்கள் கைக்கு 3,52,800. புகைப்படம், காப்பீடு, வண்டிச் செலவை ஒப்பந்தம் உங்கள் தலையில் கட்டியிருந்தால் இன்னும் குறையும். கமிஷன் பேசிக் குறைக்கக்கூடியது, கூச்சப்படாமல் கேளுங்கள். நடுவில் படத்தைத் திரும்பப் பெற்றால் என்ன அபராதம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 8: அனுப்புவது

காப்பீடு உங்கள் சுவர் ஆணியிலிருந்து அவர்கள் சுவர் ஆணி வரை இருக்க வேண்டும். நடுவழி லாரியையும் அது மூட வேண்டும். காகிதப் படத்தைச் சுருட்டாதீர்கள். வாங்கிக்கொண்டதற்கு, படத்தின் நிலையைக் குறித்த ரசீது இல்லாமல் வண்டியை விடாதீர்கள்.

படி 9: ஏல நாள்

உங்கள் படத்துக்கு ஒரு லாட் எண் இருக்கும். இப்போது பெரும்பாலும் இணையத்தில் நடப்பதால் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ எல்லாம் கேட்காது. கடிகாரம்தான் ஓடும், கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும். உங்கள் படத்துக்கு நீங்களோ மச்சானோ விலை ஏற்றக் கூடாது. விற்காமல் போனால் அடுத்த மாதமே வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு வருடம் ஆறப் போடுங்கள்.

படி 10: பணமும் வரியும்

வீட்டுச் சாமான் விற்றால் வரியில்லை என்ற விதி ஓவியத்துக்குப் பொருந்தாது. வருமானவரிச் சட்டம் அதை மூலதனச் சொத்தாகவே பார்க்கிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீதம். பரம்பரையாக வந்ததென்றால் அப்பா வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய படத்துக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி, “எப்போ வாங்கினது, ஆதாரம் இருக்கா?” அந்த ஆதாரமும் படத்தின் முதுகில்தான் இருக்கிறது.

என் நண்பரின் படங்களில் சில விற்றன. பெயர் தெரிந்த ஓவியரின் இரண்டு கோட்டோவியங்களை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்து வந்தன என்று சொல்ல யாருமில்லை.

படம் சேகரித்தவர் இன்னும் உங்கள் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு படமாக இறக்கி அவர் மடியில் வையுங்கள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, “இதை எங்கேப்பா வாங்கினீங்க?” என்று கேளுங்கள்.