வீட்டுக் கணனிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது

இன்று நம் தோட்டங்களில் கணனி உள்ள வீடு அபூர்வம் இல்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, தீபாவளி முற்பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, படிக்கிற பிள்ளைக்காக ஒரு பழைய கணனியை வாங்கிய குடும்பங்கள் நிறைய உண்டு. நன்றாக ஓடிய அந்தப் பெட்டி ஒருநாள் இழுக்கத் தொடங்கும். டவுனுக்குக் கொண்டுபோனால், "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, மாத்தணும்" என்பார்கள். எந்த வகை வேணும், எவ்வளவு பெரிசு, புதுசா பழசா என்று கேட்டால் பதில் சொல்ல நம் மக்களில் பலருக்குத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். பல நாள் பேரின் காசு அது. ஆகவே இந்த இதழில் இதைப் பாடமாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ராம்" வேறு, ஹார்ட் டிஸ்க் வேறு. ராம் என்பது கொழுந்துக் கூடை மாதிரி. வேலை நடக்கும்போது மட்டும் நிறையும். கரண்ட் போனால் கூடை காலி. ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர் மாதிரி. அங்கே போய்ச் சேர்ந்தது கரண்ட் இல்லாவிட்டாலும் இருக்கும். பிள்ளையின் ஏ.எல். நோட்ஸ், கல்யாண போட்டோ, ஸ்கேன் பண்ணி வைத்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருப்பது இந்த ஸ்டோரில்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பனி 1956இல் வெளியிட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியது 50 இலட்சம் எழுத்துக்கள். இன்றைய போனில் எடுக்கிற ஒரு போட்டோவை வைத்தாலே அந்த ஒரு டன் இயந்திரம் நிறைந்துவிடும்! இன்றைக்கு அதைப்போல பல இலட்சம் மடங்கு சாமான் உள்ளங்கையில் அடங்குகிறது.

இப்போது கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, தட்டு சுழலும் பழைய வகை. உள்ளே காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். 7,200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. அதன்மேல் ஒரு சின்னத் தலை, தட்டில் படாமல் மயிரிழையை விட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்து எழுதும், வாசிக்கும். ஓடும்போது தட்டினாலோ தள்ளினாலோ தலை தட்டில் உரசிவிடலாம். உரசினால் அந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

மற்றது எஸ்.எஸ்.டி. இதில் சுழலுவது ஒன்றுமே இல்லை, பென் டிரைவ் போல சிப் மட்டும்தான். சத்தம் கிடையாது. வேகம் மிக அதிகம். பழைய கணனியில் சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், திறக்க நிமிடக்கணக்கில் எடுத்த பெட்டி அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுவதைப் பார்க்கலாம். எங்கள் அபிப்பிராயம் இதுதான்: கணனி தொடங்குகிற டிஸ்க்காக இனிமேல் எஸ்.எஸ்.டி.யையே போடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. புதுக் கணனி வாங்க வேணும் என்று நினைத்த பல வீடுகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

எவ்வளவு பெரியது? இங்கேதான் தேவையில்லாத செலவு நடக்கிறது. விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 64 கிகாபைட் இடம் வேணும். 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றில் விண்டோசையும் பாடத்துக்கான மென்பொருளையும் போட்ட பிறகும் 40,000 போட்டோவுக்குக் குறையாத இடம் மிஞ்சும். நோட்ஸ் எழுதுவதற்கும் டியூசன் பாடங்களுக்கும் அது தாராளம். வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை, கல்யாண வீட்டு வீடியோ எடுக்கிற தொழில் என்று இருந்தால் மட்டும் 1 டெராபைட் அல்லது அதற்கு மேல் சுழலும் டிஸ்க் ஒன்றையும் கூடுதலாகப் பாருங்கள். ஒரே அளவுக்கு அதுதான் மலிவு.

1 டெராபைட் என்று வாங்கியதைக் கணனியில் போட்டால் 931 என்று காட்டும். உடனே "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். கொழுந்து நிறுவையில் கிலோ கழிக்கிற கதை இல்லை இது. செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இரண்டும் ஒரே சரக்குத்தான். அதேபோல 500 என்றது 465 ஆகவும், 256 என்றது 238 ஆகவும் தெரியும்.

வாங்கப் போகும்போது கணனியையே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோங்கள். மேசைக் கணனிக்கு மூன்றரை அங்குலம், லப்டொப்புக்கு இரண்டரை அங்குலம். பெரும்பாலானவற்றில் சாட்டா என்ற ஒடுக்கமான கேபிள் இருக்கும். மிகப் பழைய பெட்டிகளில் பட்டையான அகலக் கேபிள் இருக்கும், அதற்கு இப்போதைய டிஸ்க் நேராகப் பொருந்தாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு மேலும் காசு போடுவதை நாங்கள் சொல்லமாட்டோம். புதிய லப்டொப்களில் சுயிங்கம் துண்டு போல மெலிசான எம்.2 என்ற எஸ்.எஸ்.டி. வருகிறது. அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். கேட்டு வாங்குங்கள்.

பழைய டிஸ்க் வாங்குவதில்தான் அதிகக் கவனம் வேணும். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கினால் புதுசு போலத்தான் இருக்கும். ஆனால் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு செக்ரோல் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை இடம் பழுதானது என்று அது தானே எழுதி வைக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். "கடையிலேயே போட்டுக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள். ஒரு வருடம் இராப்பகல் ஓடினால் 8,760 மணித்தியாலம். 30,000 என்று காட்டினால் அது மூன்று வருடத்துக்கு மேல் நிற்காமல் உழைத்த டிஸ்க், பாதுகாப்புக் கமெரா ரெக்கோடர் ஒன்றிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். புதியது என்றால் பில்லும் வொரண்டி காலமும் எழுத்தில் இருக்கட்டும். சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

மலைநாட்டில் இடி மின்னலை மறக்க முடியாது. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்ற வேணும். ரூட்டருக்குக் கேபிள் வந்தால் அதையும் கழற்றுங்கள். லயத்துக் காம்பராவில் ஈரமான சுவரோடு ஒட்டிப் பெட்டியை வைக்காதீர்கள். அடுப்புப் புகை படுகிற இடமும் ஆகாது.

எந்த டிஸ்க்கும் ஒருநாள் போகும். சுழலுவது "டிக் டிக்" என்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லலாம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும். போன பிறகு உள்ளே இருப்பதை மீட்க, டிஸ்க்கின் விலையைவிட அதிகம் கேட்பார்கள், கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. ஆகையால் முக்கியமானவை இரண்டு இடத்தில் இருக்க வேணும். இதற்காகப் புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. லப்டொப்பிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றுக்குள் போட்டுப் பிரதி வைக்கலாம். மாதம் ஒருமுறை, சம்பள நாளில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பிரதி எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள். கணனியோடேயே மாட்டி வைத்தால், மின்னல் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும். பழைய எஸ்.எஸ்.டி. இந்த வேலைக்கு அவ்வளவு உகந்ததல்ல, கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளிருப்பது அழியக்கூடும்.

கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதில் உங்கள் அடையாள அட்டைப் பிரதி இருக்கும், வீட்டுப் பெண் பிள்ளைகளின் போட்டோ இருக்கும். அழித்துவிட்டோம் என்று நினைப்பதெல்லாம் உண்மையில் அழிவதில்லை, பட்டியலிலிருந்து பெயர்தான் போகிறது. ஆகவே பழுதானாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். விற்பதாக இருந்தால், சுழலும் டிஸ்க் என்றால் "குவிக் போர்மட்" இல்லாமல் முழு போர்மட் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பல மணித்தியாலம் எடுக்கும், டவுனுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.