மலைச்சரிவின் வெடிப்பைப் படமெடுத்து வைப்போம்: கமராவைச் சரிசெய்து கொள்ளும் முறை

பெரகல சந்தியிலிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இறங்கும் பாதையில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியதை எமது பகுதியில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்த செய்தி பின்னர்தான் பரவலாக வெளிவந்தது. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் மண்சரிவில் சிக்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டமே பெரும் அழிவைக் கண்டது.

பெரும்பாலான சரிவுகள் முன்கூட்டியே அடையாளம் காட்டுகின்றன. தேயிலை மலையில் புதிதாக வெடிப்பு விழும். ஒரு பக்கம் படிபோல இறங்கி நிற்கும். சவுக்கு மரமோ வேலிக்கட்டையோ சாயும். காம்பிராக் கதவு திடீரென இறுகும். ஊற்றில்லாத இடத்தில் தண்ணீர் கசியும். தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வரும். இவற்றை முதலிற் காண்பவர்கள் கொழுந்தெடுக்கும் எமது பெண்கள்தான். அவர்கள் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் “போன மாதத்தைவிடக் கொஞ்சம் பெரிசாகியிருக்கு” என்ற வாய்ச்சொல்லைக் கேட்கும் அதிகாரிக்கு அதை அளந்து பார்க்க வழியில்லை. ஜூலை மாதப் படத்தையும் ஒக்டோபர் மாதப் படத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டினால் கதை வேறு. ஆகவே இப்பாடத்தில் கமராவை இந்த வேலைக்கு எப்படிச் சரிசெய்து கொள்வது என்பதைப் பார்ப்போம். இளைஞர் குழுவிடம் இருக்கும் சின்ன டிஜிட்டல் கமராவே போதும். நல்ல கைத்தொலைபேசியும் போதும்.

அடிப்படையான ஒரு விடயத்தை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். கமராவை ‘ஓட்டோ’வில் விட்டால் வெளிச்சம் எவ்வளவு, நிறம் எப்படி, எதைக் கூர்மையாக்குவது என்று ஒவ்வொரு தடவையும் அது புதிதாகவே முடிவெடுக்கும். பிறந்தநாள் படத்துக்கு அது சரி. எமக்கு அது உதவாது. இரண்டு படங்களுக்கிடையில் மண் கறுத்திருந்தால் மண் நனைந்து கறுத்ததா, கமரா கறுப்பாக்கியதா? கமராவிலும் நிற்கும் இடத்திலும் எதுவும் மாறாமல் இருந்தால்தான் படத்தில் தெரியும் மாற்றத்தை மலையின் மாற்றம் என்று சொல்ல முடியும். இனி வரும் எல்லாச் சரிசெய்தலும் இந்த ஒரு காரணத்துக்காகவே.

திகதியும் படத்தின் அளவும்

கமராவை எடுத்ததும் முதல் வேலை திகதியையும் நேரத்தையும் பார்ப்பது. பழைய கமராக்களில் பெட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் மணிக்கூடு அழிந்து, ஏதோ ஒரு வருடத்து ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். படத்தோடு மறைவாகப் பதியும் திகதியும் அதையே காட்டும். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு இது அக்டோபர் மழைக்கு முன்னர் எடுத்தது என்று யாரிடமும் வாதாட முடியாது.

அடுத்து மெனுவில் படத்தின் அளவை மிகப் பெரியதாகவும் தரத்தை உயர்ந்ததாகவும் வைக்கவும். சின்ன கமராக்களில் 4:3 என்ற வடிவமே முழுப் படத்தைத் தருவது. 16:9 என்று வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பகுதியில் சாய்ந்த மரம் இருந்திருக்கலாம். போனில் முகத்தை அழகூட்டும் வசதிகளையும் நிறம் கூட்டும் வசதிகளையும் நிறுத்திவிடுங்கள். முகச் சுருக்கத்தை மழுப்பும் வசதி சுவரின் மயிரிழை வெடிப்பையும் மழுப்பிவிடக்கூடும்.

பெரகல மூடுபனியில்

எமது பகுதியில் படமெடுப்போருக்கு உள்ள பெரிய தொல்லை மூடுபனி. கமராவின் வெளிச்ச அளவி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளைப் பனியைப் பார்த்ததும் “வெளிச்சம் அதிகம்” என்று குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாகும். கீழே மண்வெட்டு கரிபோலாகி உள்ளே எதுவும் தெரியாது. இதற்கு மருந்து, கூட்டல் கழித்தல் அடையாளமுள்ள வெளிச்சத் திருத்தம். பனியில் +0.7 அல்லது +1 என்று கூட்டவும். போனில் திரையைத் தொட்டால் சூரியன் போன்ற அடையாளம் வரும். அதை மேலே தள்ளவும். பனி வெளுத்துப் போனால் போகட்டும், மண்ணில் விவரம் தெரிகிறதா என்பதே கேள்வி. எதிர்மாறாக, திரை முழுவதும் கரும்பச்சைத் தேயிலைச் செடி நிறைந்திருந்தால் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அப்போது -0.3 அளவுக்குக் குறைக்கலாம். எவ்வளவு வைத்தீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள்.

தூரத்து மலையைப் பனிக்குள் எடுப்பதில் பயனில்லை. அது கலண்டருக்கு அழகான படம்; எமக்கு வெறும் வெள்ளைத் தாள். பகல் ஏற ஏறப் பனி மூடும் நாட்கள் இங்கே அதிகம். எனவே காலை எட்டு மணி போல ஒரு நேரத்தை வகுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரே நாளில், அதே நேரத்தில் எடுப்பது நல்லது. ஞாயிறு பூசைக்கோ கோயிலுக்கோ போகும் வழியில் எடுப்பதென்று வைத்தால் மறக்காது.

பிளாஷை நிறுத்திவிடவும். பனியிலும் தூறலிலும் பிளாஷ் பட்டால் துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகப் படம் முழுவதும் நிறையும். வெளிச்சம் போதாதபோது ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டலாம், ஆனால் சின்ன கமராவில் 400க்குள் வைத்திருக்கப் பாருங்கள். 1600 என்று போனால் படத்தில் மணல் தூவியது போலாகும், மெல்லிய வெடிப்பு அதற்குள் மறைந்துவிடும். எண்ணைக் கூட்டுவதைவிடக் கமராவை வேலிக்கட்டையின் மேலோ அரை மூட்டை மண்ணின் மேலோ ஊன்றி, 2 செக்கனில் தானாக எடுக்கும் வசதியைப் போட்டுக் கையை எடுத்துவிடுவது மேல். கையிற் பிடித்து எடுத்தால் 1/60 செக்கனைவிட மெதுவாகப் போக விடாதீர்கள்.

நிறம் ஒரு சாட்சி

வெள்ளைச் சமநிலை என்று மெனுவில் ஒன்று இருக்கும். சூரியன், மேகம், குமிழ் விளக்கு என்று படம் போட்டிருப்பார்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. எமக்கோ அது மிக முக்கியம், ஏனெனில் ஊற்றுத் தண்ணீர் தெளிவிலிருந்து மண்ணிறமாக மாறுவது மலைக்குள்ளே மண் கரைகிறது என்பதற்கு அடையாளமாகலாம். ‘ஓட்டோ’வில் இருந்தால் கமரா அந்தச் செம்மண் நிறத்தைத் தானே ‘திருத்தி’ச் சாதாரணமாக்கிவிடக்கூடும். மேக அடையாளத்தில் வைத்துவிட்டு வருடம் முழுவதும் மாற்றாதீர்கள். வெயில் நாளில் படம் கொஞ்சம் மஞ்சளாக வரும், பரவாயில்லை. தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் அல்லது கண்ணாடிப் போத்தலில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு முன் வைத்து எடுத்தால் நிறத்தைப் பற்றி எவரும் சந்தேகம் எழுப்ப இடமிராது.

வெடிப்பை எடுக்கும்போது

முதலில் தூரத்துப் படம்: வெடிப்பும், அதன் பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றும், அதாவது பாறை, கோயில் மணிக்கூண்டு, தண்ணீர்த் தாங்கி போன்றதும் தெரிய வேண்டும். நிற்கும் இடத்தில் ஒரு கல்லுக்குப் பெயின்ட் பூசிவிட்டால் அடுத்த முறை யார் போனாலும் அங்கேயே நிற்கலாம். சூமை ஒன்றில் முழுவதும் விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் முழுவதும் இழுத்து வையுங்கள். இடையில் நிறுத்தினால் அடுத்த வாரம் அதே இடத்தில் நிறுத்த முடியாது. வெடிப்பு பெரிதானதா சூம் பெரிதானதா என்று தெரியாது. டிஜிட்டல் சூமை மெனுவில் நிறுத்திவிடவும். அது படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெருப்பிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

பிறகு கிட்டப் படம். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, முளைகளுக்கிடையில் அளவுநாடாவை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நேர் மேலிருந்து எடுக்கவும். சரிவாகப் பிடித்தால் நாடாவின் ஒரு முனை சுருங்கித் தெரியும். பூ அடையாளமுள்ள கிட்டப்பார்வை வசதியைப் போட்டு, பொத்தானைப் பாதி அழுத்தி நாடாவின் எண்ணில் கூர்மையைப் பிடித்தபின் முழுவதும் அழுத்தவும். நனைந்த மண்ணிலும் பனியிலும் கமரா எதைப் பிடிப்பதென்று தடுமாறும்; கறுப்பு எண்ணும் வெள்ளை நாடாவும் அதற்கு நல்ல பிடிமானம். படம் எடுத்த பிறகே வெடிப்பைக் களிமண் போட்டு அடைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காதிருக்க அடைப்பது அவசியம். அடைத்த இடம் மறுபடி வாய் திறந்தால் அதுவும் ஒரு படம்.

லயச் சுவர்களில் உள்ள எல்லா வெடிப்பும் மலை அசைவதால் வந்ததல்ல. நூறு வருடச் சுவர் தானாகவே வெடிக்கும். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடி, வாரத்துக்கு வாரம் நீளும் வெடிப்பே கவனிக்கத்தக்கது. வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். காம்பிராவுக்குள் இருட்டாக இருக்கும். அங்கும் பிளாஷ் வேண்டாம். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் சுவர் தட்டையாகிவிடும். ஒருவர் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து மயிரிழை வெடிப்பும் தெளிவாகத் தெரியும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டே உள்ளே போகவும். குடும்பத்தின் உடைமைகளும் பிள்ளைகளும் படத்தில் வரத் தேவையில்லை.

வீடியோ எதற்கு?

அசையாததற்குப் படம், அசைவதற்கு வீடியோ. தண்ணீர் பாய்வதையும் அதன் சத்தத்தையும் வீடியோதான் காட்டும். 1080 என்ற அளவும் செக்கனுக்கு 25 படம் என்ற வேகமும் போதும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கின் கீழ் 30 என்று வைத்தால் படம் துடிக்கலாம். 25 இல் அந்தத் தொல்லை குறைவு. 4கே என்ற பெரிய அளவு வேண்டியதில்லை. 1080 இலேயே ஒரு நிமிடத்துக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும், கார்ட் விரைவில் நிரம்பிவிடும். காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் போடவும், பெரகலயில் காற்று சொல்லாமலே வரும். கமராவைக் கிடையாகப் பிடித்து, முதலில் இடத்தையும் திகதியையும் வாயால் சொல்லிவிட்டு, 20 செக்கன் அசையாமல் எடுங்கள். கல்யாண வீடியோ போல இங்கும் அங்கும் திருப்பினால் ஒன்றையும் பார்க்க முடியாது.

ஊற்றின் வேகத்தை அளக்க வீடியோ நல்ல கருவி. 10 லீற்றர் வாளியை வைத்து, காலியிலிருந்து நிரம்பும்வரை நிறுத்தாமல் எடுக்கவும். வீடியோவே நேரத்தைக் காட்டும். 20 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லீற்றர். அடுத்த வாரம் 12 செக்கனில் நிரம்பினால் 50 லீற்றர். மழை கூடாத வாரத்தில் இப்படிக் கூடினாலும், ஓடிய தண்ணீர் திடீரென நின்றாலும், உடனே அறிவிக்க வேண்டும்.

கமரா வீட்டிலேயே இருக்க வேண்டிய நாட்கள்

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகு எவரும் படமெடுக்க மலைக்குப் போகக் கூடாது. ஒரு முறை சரிந்த இடம் மறுபடியும் சரியும். வீடியோ எடுக்க ஓடிப்போய் நிற்கும் எமது பையன்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் சொல்லும் படவேலை மழைக்கு முந்திய மாதங்களுக்குரியது.

குளிரில் வெளியே இருந்த கமராவை அடுப்பெரியும் காம்பிராவுக்குள் அப்படியே கொண்டுவந்தால் கண்ணாடியின் மேலும் உள்ளேயும் நீர் வேர்க்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, உள்ளே வந்து அரை மணித்தியாலம் விட்டுத் திறக்கவும். வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து டப்பாவுக்குள் வைத்தால் ஈரம் குறையும்.

ஒவ்வொரு படத்துக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக: “மேல் லயம், 4ஆம் காம்பிராவுக்குப் பின்னால், பெயின்ட் கல் 2, காலை 8.10, தூறல், வெளிச்சம் +0.7, முளைகளுக்கிடையில் 103 சென்றிமீற்றர்.” போன தடவை 101 என்று இருந்தால், அந்த இரண்டு சென்றிமீற்றர்தான் நீங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் செய்தி. படங்களைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கிவிடும். படத்தோடு பதிந்த திகதியும் போய்விடும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் முழுப்படம் போகும். ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கும், கொடுத்த திகதியைக் கொப்பியில் எழுதி, கொடுக்கப்பட வேண்டும். மூலப்படம் இருக்கும் கார்ட்டை அழிக்காமல் பங்கு அலுவலகத்திலோ மாதர் சங்கத்திடமோ வைக்கலாம். அந்த லயத்திலேயே வைக்க வேண்டாம். அவசரமானால் படத்துக்காகக் காத்திராமல் 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழையுங்கள்.