நகர்ந்தது மூளையா, ஊசியா?



மூளையில் ஒரு நரம்பு செல் வேலை செய்யும்போது, சுமார் ஒரு மில்லிசெகண்டு நேரத்துக்கு மின்துடிப்பு எழும். அதுதான் ஸ்பைக். 2017-ல் வெளிவந்த நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசியில் 960 மின்வாய்கள். ஒரே நேரத்தில் 384-ல் பதிவு செய்யலாம், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 30,000 சாம்பிள். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு 1 கோடியே 15 லட்சம் எண்கள்! கையால் பிரிக்க ஆகிற காரியமா?

அதற்குத்தான் கிலோசார்ட் போன்ற மென்பொருள்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வரிசையாக மைக் வைத்ததாக நினைச்சுக்குங்க. "அரூர், அரூர்", "பென்னாகரம்" என்று கத்தும் கண்டக்டர்களைக் குரலை வைத்தும், எந்த மைக்கில் பலமாகக் கேட்கிறது என்பதை வைத்தும் பிரிக்கலாம். துடிப்புகளையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

சிக்கல் எங்கேன்னா, மூச்சிலும் நாடித்துடிப்பிலும் மூளை அசையும். ஊசியும் மெல்ல இடம் மாறும். 50-ஆம் மின்வாயில் கேட்ட செல் இப்போது 52-ல் கேட்கும். மென்பொருள் ஒரே செல்லை இரண்டாக எண்ணிவிடும். "பழைய செல் அடங்கியது, புதுசு விழித்தது" என்று ஆராய்ச்சியாளர் எழுதிவிட்டால்? லேபில் ஜீரோ எரர் பார்க்கிற நமக்கு இந்த ஆபத்து சட்டென்று புரியும்.

கிலோசார்ட் பதிவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, எந்த ஆழத்தில் எவ்வளவு உயரத் துடிப்புகள் என்று துண்டுக்கு ஒரு படம் போடும். படங்கள் பொருந்த எவ்வளவு நகர்த்தணுமோ அதுதான் டிரிஃப்ட். அந்த அளவுக்குப் பதிவைத் திருப்பி நகர்த்தும். 2021-ல் வெளியான ஆய்வில், சுண்டெலி மூளையில் ஊசியை வேண்டுமென்றே மேலும் கீழும் அசைத்தே இதைச் சோதித்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான்.

2024-ல் வந்த நான்காம் பதிப்பு பைத்தானில் இருக்கு, இலவசம். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்தப் புரோகிராமை என்னாலும் திறந்து வரிவரியாகப் படிக்க முடியுது. வேகமாக ஓட்டத்தான் என்விடியா கார்டு வேணும். வைத்திருப்பவர்கள் சொல்லுங்க!