இம்மாதப் பாடம்: சேர்ந்து செய்வோம், சேர்ந்து வாங்குவோம்



தென்காசி, கடையம் பக்கம் நம்மில் பலர் பீடி சுற்றுறோம். கொடுக்கிற இலையில் இத்தனை பீடி வராதுன்னு தெரிந்தும், கடைக்காரரிடம் தனியாளாக என்ன பேச முடியுது?

மலைக்கு அந்தப் பக்கம் கண்ணூரில் நடந்ததைக் கேளுங்க. 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரள அரசு அதை அமல்படுத்தியதும், 1968-ல் தனியார் கம்பெனிகள் மூடிட்டுப் போயின. சுமார் 12,000 பேருக்கு வேலை போச்சு. அவர்கள் கலைந்து போகவில்லை. அரசு உதவியோடு 1969-ல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நடுவில் காண்ட்ராக்டர் கிடையாது. தொழிலாளியே பங்குதாரர். பின்னாளில் பீடி விற்பனை குறைஞ்சதும் மசாலாத்தூள், தேங்காய்ப்பால், குடை தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் செய்தால் மட்டும் போதாது, வாங்கவும் ஆள் வேணும். நம்ம குழு அப்பளத்தை நாமே வாங்காவிட்டால் ஊர் எப்படி வாங்கும்?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
1. போன மாதம் வாங்கிய சோப்பு, மசாலா, அப்பளத்தில் எது குழு செய்தது?
2. குற்றால சீசனில் எல்லாக் குழுப் பொருளையும் ஒரே கடையில், ஒரே விலையில் விற்கலாமா?
3. இலை, தூள் எடையை வாங்கும்போதே எழுதி வைக்கிறோமா? பத்துப் பேர் கணக்கைச் சேர்த்துக் காட்டினால்தான் பேச்சு எடுபடும்.