இறுக்க இறுக்க ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் வைத்திருக்கிறேன். போன வாரம் ஆயில் மாற்றினோம். மறுநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் லைனில் நிற்கும்போது ஃபில்டர் பக்கம் சொட்ட ஆரம்பித்தது. மெக்கானிக் தம்பி செயின் ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்கினார். ஒழுகல் கூடியதுதான் மிச்சம். ஃபில்டர் டூப்ளிகேட்டா?
– டிரெய்லர் உரிமையாளர், திருவொற்றியூர்

பதில்: முதலில் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பிறகு, கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரைத் தேடி எடுத்து அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது.

சூட்டில் வெந்து இறுகிய ரப்பர், ஃபில்டர் உட்காரும் முகத்தில் அப்பிக்கொள்வது சாதாரணம். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். ஐடிலிங்கில் தாங்கும். ஆக்சிலரேட்டர் மிதித்து ஆயில் பிரஷர் ஏறினதும் ஒன்று நழுவும். அப்போது சொட்டு அல்ல, பீய்ச்சல்தான். சில நிமிடத்தில் சம்ப் காலியாகி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இதை எத்தனை இறுக்கினாலும் சரிப்படுத்த முடியாது.

அந்த முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரல் நம்பகமானது. புது வளையத்தில் புது இன்ஜின் ஆயிலைத் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். வளையம் முகத்தைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று முதல் ஒரு சுற்று வரை. ஃபில்டர் டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. செயின் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும். உங்கள் வண்டியில் இப்போது மாட்டியிருப்பதன் வளையம் நசுங்கியிருக்கும். தளர்த்தி மறுபடி மாட்ட நினைக்காதீர்கள், புதிது வாங்குங்கள்.

உள்ளே காகித எலிமென்ட் போடும் வகை வண்டியானால், டப்பாவில் கூடவே வரும் ஓ-ரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையதையே போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒழுகலுக்கு அதுவே போதும்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்காமல் ஓரிரு நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி, ஆயில் இறங்கவிட்டு, டிப்ஸ்டிக் பாருங்கள். முதல் டிரிப் முடிந்ததும் இன்னொரு முறை. அப்போதும் ஈரம் தெரிந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ராக்கர் கவரில் கசியும் ஆயில் ஃபில்டர் மேல் வழிந்து, பழி ஃபில்டர் மேல் விழுவதும் நடக்கிறது.

அசோக் லேலண்டு ஆலை இருக்கிற எண்ணூரில் லாரி இன்ஜின் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே உப்புக் காற்று. ஸ்பேனர் கீறிய டப்பாவில் துரு சீக்கிரம் பிடிக்கும். அதோடு லைனில் மணிக்கணக்காக இன்ஜின் ஓடுகிறது, கிலோமீட்டர் நகர்வதில்லை. ஆயில் மாற்ற நாள் பார்க்கும்போது மணிநேரத்தையும் எண்ணுங்கள். வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் எண்ணெயில் கறுத்ததை நாம் பார்த்தோம்.

டூப்ளிகேட்டா என்று கேட்டீர்களே: இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய வளையம் கிடைக்கும்வரை கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.