சார்ஜர் ஏற்காத செல்லை இன்னொரு செல்லால் எழுப்ப...

டார்ச், பொம்மை, மவுஸ் என்று எதிலாவது மாதக்கணக்கில் போட்டு மறந்துவிட்ட ரீசார்ஜபிள் செல்லைச் சார்ஜரில் வைத்தால், பல நேரம் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். செல் கெட்டுவிட்டது என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். அது நல்ல செல்லாகவே இருக்கலாம்.

1. முதலில் செல்லின் மேல் உள்ளதைப் படியுங்கள். என்ஐஎம்எச் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு), 1.2 வோல்ட் என்று இருந்தால் மட்டும் மேலே தொடருங்கள். கடையில் வாங்கும் சாதாரண 1.5 வோல்ட் செல்லுக்கு இது கூடாது. 1.5 வோல்ட் என்று போட்டு விற்கும் லித்தியம் ரீசார்ஜபிள் செல்லுக்கும் கூடாது.

2. இப்போதைய சார்ஜர்கள் மின்சாரம் கொடுக்கும் முன் செல்லின் வோல்டேஜை அளந்து பார்க்கின்றன. அது மிகவும் கீழே போயிருந்தால், பழுது என்று ஒதுக்கிவிடும். நாம் செய்யவேண்டியது அந்த வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிவிடுவது மட்டுமே. முழுக்க நிரப்பும் வேலை சார்ஜருடையது.

3. அதே வகை, அதே அளவுள்ள, நன்கு சார்ஜ் ஆன செல் ஒன்றை எடுங்கள். இரண்டையும் ஒரே திசை பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். முனை சீவிய இரண்டு சிறு ஒயர்களால் பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும், மைனஸை மைனஸோடும் சேர்த்து, இன்சுலேஷன் டேப்பால் ஒட்டுங்கள். தலைமுடி போன்ற மெல்லிய கம்பி வேண்டாம், சூடேறும். ஐந்து நிமிடம் போதும். பக்கத்திலேயே இருந்து அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். செல்லோ ஒயரோ சுட்டால் உடனே பிரித்துவிடுங்கள்.

4. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி இணைத்தால் ஷார்ட் சர்க்யூட். பொம்மையில் இருக்கும் செல் பெட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இணைந்திருக்கும்.

5. பிரித்த கையோடு சார்ஜரில் வையுங்கள். நேரம் கடத்தினால் வோல்டேஜ் மறுபடி இறங்கிவிடும். இரண்டாம் முறையும் சார்ஜர் மறுத்தால் அந்தச் செல்லை விட்டுவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜ் ஆனபின் ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள். 1.3 வோல்ட்டை ஒட்டி நின்றால் பிழைத்துக்கொண்டது என்று நம்பலாம்.

6. விளக்கு இல்லாத, இரவெல்லாம் மெதுவாக ஏற்றும் பழைய சார்ஜர் வீட்டில் கிடந்தால் இந்த ஒயர் வேலையே வேண்டாம். பெரும்பாலும் அது எதையும் அளக்காமலேயே மின்சாரம் கொடுக்கும். அதில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் புதிய சார்ஜருக்கு மாற்றுங்கள்.

7. செல்போன், லேப்டாப், பவர் பேங்க் பேட்டரிகளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அவை லித்தியம் அயான் வகை. அளவுக்கு மீறி வடிந்த லித்தியம் பேட்டரிக்குள் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அணைந்துபோன போனை அதன் சார்ஜரிலேயே அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். திரை உடனே வராவிட்டாலும் பதற வேண்டாம்.

8. கார் பேட்டரி இறங்கி, இன்னொரு 12 வோல்ட் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போதும் பிளஸ்ஸுக்குப் பிளஸ்தான். ஆனால் கடைசிக் கறுப்புக் கிளிப்பை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கிளிப் மாட்டும்போது எழும் பொறி அதன் அருகில் விழக்கூடாது.

9. புதுச் செல்லையும் பழைய செல்லையும் ஒரே டார்ச்சில் கலந்து போடாதீர்கள். பலவீனமான செல் முதலில் வடிந்து, மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். சேர்த்து வாங்கியவற்றில் மார்க்கரால் ஒரே எண் எழுதிச் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

10. வீங்கிய செல், வெள்ளைப் பொடி பூத்த செல் இரண்டையும் எழுப்பப் பார்க்காதீர்கள். அந்தக் கசிவு காரம், தோலைப் புண்ணாக்கும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.