நன்மரணமும் நர்சுகள் சொல்லும் பாடமும்



நன்மரணம் அருளும்படி அர்ச். சூசையப்பரை மன்றாடுகிறோம். ஆனால் இக்காலத்தில் பலர் வீட்டுக் கட்டிலில் அல்ல, ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், யந்திரங்களின் நடுவே கண்மூடுகிறார்கள். அங்கே நன்மரணம் என்பது யாது? இரவும் பகலும் அக்கட்டிலருகே நிற்கும் நர்சுகளைக் கேட்போம்.

1952-ல் டென்மார்க் தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு முட்டிய நோயாளிகளுக்கு வைத்திய மாணவர்கள் முறை வைத்து, கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தினார்கள். அவ்வழியைக் காட்டிய டாக்டர் பியோர்ன் இப்சன், அடுத்த ஆண்டு தீவிர சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். ஆகவே இப்பிரிவு உயிர் காக்கவே உண்டானது. எத்தனையோ தாய் தந்தையரைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆயினும் எந்த யந்திரமும் மரணத்தை ஒழித்துவிடவில்லை.

2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இப்பிரிவுகளின் நர்சுகள் 861 பேர் பதிலளித்தனர். அவர்களில் 485 பேர் நன்மரணத்துக்கான யோசனைகளை எழுதினர். அவற்றின் சாரம் இது:

முதலாவது, சாகிறவரைத் தனியே விடலாகாது.
இரண்டாவது, வலியையும் அவதியையும் தணிக்க வேண்டும்.
மூன்றாவது, அவருடைய விருப்பத்தை அறிந்து, அதன்படி நடக்க வேண்டும்.
நான்காவது, பலனற்ற கடும் சிகிச்சையைக் காலத்தோடு நிறுத்த வேண்டும். அல்லது தொடங்காதிருக்க வேண்டும்.

"சுவாமி, சிகிச்சையை நிறுத்துவது கொலையாகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1957-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு இதைத் தெளிவாக்கினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமைப்பட்டிருக்கிறோம். தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகும் அசாதாரண வழிகளுக்குக் கடமையில்லை. சாவை வருவிக்க ஊசி போடுவது ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான பாவம். வருகிற சாவைப் பலனின்றித் தடுக்காமல் விடுவது பாவமல்ல. வேறு வழியில்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடுமாயினும், சாவை நாடாமல் வலியைத் தணிக்கவே மருந்து கொடுக்கலாம் என்றும் அதே ஆண்டில் அவர் போதித்தார்.

இனி நம் கடமை. அப்பா பேசமுடியாமல் கிடக்கையில், "எல்லாம் செய்யுங்கள்" என்பான் மூத்தவன். "போதும்" என்பாள் மகள். வராந்தாவில் சண்டை மூளும். உள்ளே அப்பா தனியே கிடப்பார். அவர் மனம் என்னவென்று, அவர் நன்றாயிருந்த நாளில் ஒருவரும் கேட்கவில்லை! பிள்ளைகளின் அன்பில் குறைவில்லை. பேசத்தான் இல்லை.

குருவையும் கடைசி மூச்சுக்குக் காத்திருந்து அழைக்காதீர்கள். முன்னே அவஸ்தைப்பூசுதல் என்ற தேவதிரவிய அனுமானம் இன்று நோயில் பூசுதல் எனப்படுகிறது. அது கடும் நோயாளிக்கு உரியது. அறிவும் பேச்சும் இருக்கையில் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை உட்கொள்வது எவ்வளவு ஆறுதல்! நினைவு தப்பியவரிடமும் நல்ல நர்சு பெயர் சொல்லிப் பேசுகிறாள். நீங்களும் கையைப் பிடித்து, காதருகே செபம் சொல்லுங்கள்.

இவ்வாரத் தீர்மானம்: ஒருநாள் இரவு, குடும்ப செபமாலை முடிந்தபின், வீட்டுப் பெரியவரிடம், "உங்கள் கடைசி நாட்களில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் சொல்வதை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து கேட்கட்டும்.